இலையில் வைத்த அப்பிள்

என் வயதுக்காரருக்குத்தான் இதை எழுதுகிறேன். இளம் ஆட்களுக்கு இது விளங்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டவுனில் பஸ் நிலையத்தடியில் அப்பிளைக் குவித்து வைத்து விற்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பாதி தின்றுவிட்டு மீதியை எறிகிறார்கள். எனக்கும் ஒரு துண்டு நீட்டுவார்கள். பல் கூசுது என்று சொல்லிவிடுவேன். பல்லுக்கு ஒன்றுமில்லை. பயம். அறுபது தாண்டியும் போகவில்லை.

உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் சின்னவர்களாய் இருந்தபோது கடையில் அப்பிள் இல்லை. வெளியில் இருந்து வருகிற சாமான் எல்லாம் நின்றுபோன காலம். ஆஸ்பத்திரியில் வருத்தக்காரரைப் பார்க்கப் போனால்கூடத் தோடம்பழம்தான் கொண்டுபோவோம். அப்பிள் என்றால் கப்பலில் இருந்துதான் வரவேண்டும். கப்பலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்தவர் பெரியப்பா.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தார். பெரிய கப்பலுக்குக் கயிறு போட்டு உள்ளே இழுத்து வருகிற படகு அது. அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். முன் அறை அவர்களுக்கு, பின் அறை எங்களுக்கு. குசினி ஒன்று.

எப்போதாவது ஒரு கப்பல்காரன் அவருக்கு ஒரு அப்பிள் கொடுப்பான். காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். பை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். ஐந்தாய் வெட்டுவார். பெரியம்மா உப்பும் மிளகாய்த்தூளும் கொண்டு வருவார். மாங்காய் மாதிரித் தொட்டுத் தின்போம். அப்படித் தின்கிற பழம் இல்லை அது என்று சொல்ல எங்களுக்கு ஆளில்லை. விதையைப் பெரியம்மா கிணற்றடியில் நட்டுப் பார்த்தார். ஒருநாளும் முளைக்கவில்லை.

பெரியப்பாவுக்கு மேல்வரிசையில் ஒரு முன்பல் இல்லை. அறுந்த கயிறு அடித்துப் போன பல். அவர் தன் துண்டைக் கடித்தால் கடித்த இடத்தின் நடுவில் ஒரு வரம்பு நிற்கும்.

"பார் பிள்ளை, நான் வேலி போட்டிருக்கிறன்" என்று காட்டுவார்.

சித்திரை வருடம் பிறந்து, கச்சான் காற்றுத் தொடங்கிய நேரம். படகில் நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைசி நாள் பெரியம்மாவைக் கேட்டாராம், "ஒரு துண்டு அப்பிள் கிடைக்குமோ?" என்று. கிடைக்கவில்லை.

செத்த வீட்டன்று எனக்கு ஒரு பல் விழுந்தது. மேல்வரிசை முன்பல். நாலைந்து நாளாய் ஆடிக்கொண்டிருந்தது. எல்லாரும் மாரடித்து அழுகிற நேரம் அது என் கையில் வந்துவிட்டது. அந்த நேரம் அதை யாருக்குச் சொல்வது? பின்பக்கம் போய் நானே கூரையில் எறிந்தேன். அதற்குப் பிறகு ஒரு கிழமை ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் படையல். எங்கள் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியும். செத்தவர் விரும்பிச் சாப்பிட்டது எல்லாம் சமைக்க வேண்டும். அவருடைய அறையில் வாழையிலை போட்டு எல்லாவற்றையும் படைக்க வேண்டும். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்க வேண்டும். அந்த நேரம் அவர் வந்து சாப்பிடுவார் என்பது நம்பிக்கை. கொஞ்சம் பொறுத்துத் திறந்து அடையாளம் பார்ப்பார்கள். செம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறதா, சோறு கலைந்திருக்கிறதா என்று. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை நனைக்கலாம்.

பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்பிள் இல்லாமல் இலை போடேலாது."

"அண்ணி, அது கடையில கிடைக்கிற சாமானே? நான் எங்க போறது?"

"கேட்டவர். குடுக்கேல்ல. இனியாவது குடுக்க வேணும்."

அப்பா ஒவ்வொரு நாளும் துறைமுகத்து வாசலில் போய் நின்றார். ஏழாம் நாள் பின்னேரம், பெரியப்பாவின் படகில் சுக்கான் பிடிக்கிறவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சுக்கானியார் என்போம். சாப்பாட்டுக் கரியரைத் திறந்து அடித்தட்டைக் காட்டினார். துணியில் சுற்றி ஒரு சிவப்பு அப்பிள்.

"ஒண்டுதான் கிடைச்சது அக்கா. அதுவும் கப்பல் சமையல்காரனைக் கெஞ்சி."

அம்மா அதை அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினார். பூட்டியும் அறை முழுக்க மணந்தது. அம்மா என் காதைப் பிடித்து வைத்துக்கொண்டு சொன்னார்.

"மணந்துகூடப் பாக்காத. படைக்க முந்தி வாய் வைச்ச ஆக்களைச் செத்தவர் விடமாட்டார். பின்னாலயே வருவார்."

பயமுறுத்தத்தான் சொன்னார். இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு எட்டு வயது.

எட்டாம் நாள் விடியவே அக்கம்பக்கத்துப் பெண்கள் குசினிக்குள் வந்துவிட்டார்கள். நண்டுக் கறி, சுறாப் புட்டு, முருங்கைக்காய்க் குழம்பு, பலாக்கொட்டைப் பிரட்டல், மாங்காய்ப் பச்சடி, வடை, பாலப்பம். தேங்காய் துருவுகிற சத்தம் நிற்கவில்லை. எண்ணெய் கொதிக்கிற மணம் வயிற்றைப் பிடுங்கியது. படைக்கும் வரைக்கும் ஒருவருக்கும் சாப்பாடு இல்லை. காலையில் ஒரு தேத்தண்ணீர். அவ்வளவுதான்.

பொழுது படுகிற நேரம் முன் அறையில் இலை போட்டார்கள். பெரியப்பா இருக்கிற கதிரையில் அவருடைய வேலைச் சட்டையைப் போட்டிருந்தார்கள். கதிரைக்கு முன்னால் இலை. இலையின் தலைப்பில் அப்பிள். கறிகளைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் பெண்கள் திரும்பக் குசினிக்குப் போனார்கள். அம்மா கத்தினார்.

"எடி, பூனை சுத்துது. போய் இலையடியில நில். சட்டிகளை இறக்கிப்போட்டு வாறன்."

நான் போய் நின்றேன். பூனை வரவில்லை. நானும் அந்தச் சட்டையும்தான். சட்டையில் எண்ணெய்க் கறை இருந்தது. காற்றுக்குக் கை ஆடியது. அதைப் பார்க்கக்கூடாது என்று அப்பிளைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுத்தேன். கடித்தேன்.

ஒரே ஒரு கடி. மெல்லாமலே விழுங்கினேன். தொண்டையில் நின்றது. அம்மாவின் காலடி கேட்டது. கடித்த பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு எழும்பினேன்.

சாம்பிராணி காட்டினார்கள். எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். வாசலில் நின்றோம். உள்ளே அவர் வந்திருப்பார், பார்த்திருப்பார், ஆள் யார் என்று கண்டுபிடித்திருப்பார் என்று நினைத்தேன். காலுக்குள் நனைந்துவிட்டது.

கதவைத் திறந்ததும் முதலில் பெரியம்மா போனார். தண்ணீரைப் பார்த்தார். சோற்றைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. முகம் விழுந்துவிட்டது. பிறகு, பங்கு போடுவதற்கு அப்பிளைக் கையில் எடுத்தார். திருப்பினார்.

அவர் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அப்பா ஓடிப்போய் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். கடித்த இடத்தின் நடுவில் ஒரு வரம்பு.

"அண்ணன்ர பல்லு" என்றார் அப்பா. "ஐயோ, அண்ணன்ர பல்லு."

எல்லாரும் நிலத்தில் விழுந்து அழுதார்கள். யோசித்துப் பாருங்கள். அது எட்டு வயதுப் பிள்ளையின் கடி. எவ்வளவு சின்னது. ஒரு பெரிய ஆள் அப்படியா கடிப்பார்? வரம்பைப் பார்த்த கண்கள் வேறொன்றையும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி ஒருத்திதான், "கடி சின்னனாக் கிடக்கே" என்றார். பிறகு தானே மறுமொழியும் சொன்னார்: "செத்த ஆக்களுக்கு வாய் சிறுத்துப்போகும்தானே."

பெரியம்மா எழும்பினார். எட்டு நாளில் முதல் தரம் சிரித்தார்.

"வந்திட்டார். நான் குடுத்ததைச் சாப்பிட்டிட்டார்."

அந்த அப்பிளைப் பங்கு போடவில்லை. ஒரு கிண்ணியில் வைத்துத் தன் அலுமாரியில் பூட்டினார். பார்க்க ஆட்கள் வந்தார்கள். அது கறுத்துச் சுருங்கியது. வரம்பு மட்டும் அப்படியே நின்றது.

நான் வாயை மூடினேன். சிரிப்பதில்லை. கதைப்பதில்லை. கேட்டால் தலையை ஆட்டுவேன். சாப்பிடும்போது சுவர்ப்பக்கம் திரும்பி இருப்பேன். எத்தனை நாள் ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்க முடியும் என்கிறீர்களா? பயம் இருந்தால் முடியும்.

அம்மா பயந்து ஒரு பூசாரியாரைக் கூட்டி வந்தார். அவர் என் நெற்றியில் திருநீறு போட்டுக் கையில் கறுப்பு நூல் கட்டினார்.

"பெரியப்பனுக்குப் பிள்ளையில விருப்பம். பின்னாலயே நிக்கிறார்" என்றார்.

அம்மா சொன்ன அதே சொல். பின்னாலேயே. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நடக்கும்போது சுவரோடு முதுகை வைத்து நடந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தது. பெரியம்மாவின் தம்பி திரியாயில் வயல் செய்கிறவர். நான் மாமா என்பேன். அக்காவைக் கூட்டிப்போக வந்திருந்தார்.

"அக்கா, உடுப்பைக் கட்டுங்கோ. அங்க வீடு கிடக்கு, மாடு கிடக்கு. தனிய என்ன செய்யப்போறீங்கள்?"

"தனிய எண்டு ஆர் சொன்னது? அவர் வந்து போறார். வந்து பாத்தால் நான் நிக்க வேண்டாமே?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார். மாமா தனியே பஸ் ஏறினார்.

அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் பொழுது படும்போது பெரியம்மா முன் அறையில் ஒரு தட்டையான பீங்கான் கோப்பையில் சாப்பாடு வைத்தார். கதவைச் சாத்தினார். சாத்தும் வரைக்கும் பூனைக்குக் காவல் நான். "இவள் நிண்டால் அவருக்கு விருப்பம்" என்பார். ஒவ்வொரு நாளும் அந்தச் சட்டைக்கு முன்னால் நின்றேன். "நான்தான், நான்தான், விட்டுவிடுங்கோ" என்று மனதுக்குள் சொல்லுவேன்.

கதை துறைமுகம் முழுக்கப் போய்விட்டது. படகுக்காரர் கப்பல் வரும் நேரமெல்லாம் அப்பிள் கேட்டு வாங்கினார்கள். சுக்கானியார் இரண்டு கொண்டு வருவார், மூன்று கொண்டு வருவார். செத்தவீட்டுத் துடக்குக் கழிந்துவிட்டதால் பெரியம்மா அவர்களை இருத்திச் சாப்பாடு கொடுத்தார். அப்பிளை முதலில் பச்சையாக அறையில் வைத்துப் பார்த்தார். அடையாளம் இல்லை. சமைத்துக் கொடுத்தால் சாப்பிடுவாரோ என்று அப்பிளைக் கறி வைத்தார்.

மாங்காய்க் கறி மாதிரித்தான். வெந்தயமும் செத்தல் மிளகாயும் தாளித்து, இரண்டாம் பாலில் அவியவிட்டு, முதல் பாலும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் கடைசியில். மாங்காய் என்று நினைத்து அவியவிட்டதில் முதல் நாள் கரைந்து கூழாகிவிட்டது.

சுக்கானியார் அகப்பையைத் தூக்கிப் பார்த்தார்.

"அக்கா, இது கறியோ, புண்ணுக்குப் பூசுற மருந்தோ?"

"கதையாமல் தின்."

"தின்னுறன். கப்பல்காரனுக்குத் தெரிஞ்சால் கப்பலைத் திருப்பிக்கொண்டு போயிடுவான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த முறை பெரிய துண்டாய் வெட்டி, புளி விடாமல், கடைசியில் போட்டார். பிறகு முருங்கைக்காயோடு போட்டார். காய்ந்த இறாலோடு போட்டார். அது நல்ல ருசி என்று ஆட்கள் சொன்னார்கள். வீட்டில் கூட்டம், சிரிப்பு, சட்டி நிறையக் கறி. பாலைப்பழக் காலம் வந்தது, அதையும் ஒரு பிடி கோப்பையில் வைத்தார். எல்லாம் வைத்தார். கதவைத் திறந்து பார்ப்பார். எதுவும் தொடப்படாமல் கிடக்கும்.

"என்னில ஏதோ கோவம்" என்றார் ஒருநாள் அம்மாவிடம். "அவர் சாப்பிட்டால்தான் இனி நான் சாப்பிடுவன்."

"அக்கா, விசர்க்கதை கதையாதேங்கோ."

விசர்க்கதை இல்லை. மெய்யாகவே விட்டுவிட்டார். தேத்தண்ணீர் குடிப்பார். ஆட்களுக்குப் பரிமாறுவார். தான் தொடமாட்டார். கழுத்தெலும்பு வெளியே வந்தது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. பரிமாறினபடியால் அவர் சாப்பிடுகிறார் என்று வருகிறவர்கள் நினைத்தார்கள். பெரியவர்களின் கண் அப்படித்தான்.

ஒரு நாள் கிணற்றடியில் வாளியோடு விழுந்தார். அப்பாவும் சுக்கானியாரும் தூக்கி வந்து கிடத்தினார்கள். வைத்தியர் வந்து இமையை விலக்கிப் பார்த்தார். நாடி பிடித்தார். வெளியே வந்து அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"வருத்தம் ஒண்டுமில்லை. சாப்பாடு இல்லை. இப்பிடியே விட்டால் கன நாள் தாங்காது."

அம்மா அழுதார். "அவர் கூப்பிடுறார். அவ போறா."

அவர் கூப்பிடவில்லை. எனக்கு மட்டும் தெரியும். நான் சொன்னால் பெரியம்மா இருப்பார். சொன்னால் நான் என்ன ஆவேன் என்று தெரியாது. அப்பா அடிப்பார். ஊர் காறித் துப்பும். பெரியப்பா இருட்டில் வந்து பிடிப்பார். இரண்டு நாள் அப்படியே இருந்தேன். அதற்குப் பிறகு சண்டைக் காலத்தில் எவ்வளவோ பார்த்தோம். ஓடினோம். குண்டு விழக் கீழே படுத்தோம். அந்த இரண்டு நாள் போல எனக்கு எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் பொழுது பட, பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிக் கோப்பையில் சோறு போட்டார். மீன் குழம்பு விட்டார். கொண்டுபோய்க் கதிரைக்கு முன்னால் வைத்தார். கதவைச் சாத்தப் போனார். நான் கதவைப் பிடித்தேன்.

"விடு பிள்ளை."

விடவில்லை. வாயைத் திறந்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு. சத்தம் வரவில்லை. விரலால் பல்லைக் காட்டினேன். விழுந்த இடத்தில் புதுப் பல் அரைவாசி வந்திருந்தது.

அவருக்கு விளங்கவில்லை.

"பல்லு நோகுதோ?"

"செத்த வீட்டண்டு விழுந்தது" என்றேன். "நான்தான் கடிச்சனான். பெரியப்பா இல்லை. நான்."

பெரியம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் யாருக்கும் சொல்ல விரும்பவில்லை. அவருக்குப் புருஷன் இரண்டாம் முறை செத்தது அந்த நேரம். சாகடித்தவள் நான்.

நிலத்தில் இருந்தார்.

"இனிச்சுதோ?" என்று கேட்டார்.

மாவு போல இருந்த பழம். கப்பலில் கன நாள் கிடந்தது. ஒரு ருசியும் இல்லை.

"ஓம்" என்றேன்.

"சரி."

கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். சோற்றைப் பிசைந்தார். முதல் வாய் வைத்தபோது தொண்டை ஏறி இறங்கியது தெரிந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டார். இடையில் மீனில் முள் எடுத்து எனக்கும் ஒரு வாய் தந்தார். மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் சாப்பிட்டார். முடிந்ததும் கோப்பையிலேயே கையைக் கழுவினார்.

"ஆருக்கும் சொல்லாத" என்றார். "உன்ர அப்பர் தன்ர அண்ணனைக் கண்டன் எண்டு இருக்கிறார். இருக்கட்டும்."

அடுத்த கிழமை மாமா வந்தார். பெரியம்மா உடுப்பைக் கட்டிக்கொண்டு திரியாய்க்குப் போய்விட்டார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பூசாரியாரின் நூல் வேலை செய்துவிட்டது என்று அம்மா சொன்னார்.

அவர் என்னை வெறுத்துப் போனார் என்றுதான் நினைத்தேன். ஒரு வருடம் அந்தப் பயத்தோடு இருந்தேன்.

அடுத்த மாம்பழக் காலத்தில் பஸ்காரரிடம் உமல் என்கிற ஓலைப் பை ஒன்று வந்தது. திரியாய் வளவில் பழுத்த முதல் பழங்கள். பெரியம்மா சொல்லி அனுப்பியிருந்தார்: முதல் பழம் வெட்டக்கூடாது. அதைப் பிள்ளை கடிக்க வேண்டும். பிள்ளை கடித்த பிறகுதான் சாமிக்கும் மற்றவர்களுக்கும்.

"இதென்ன புதுமுறை?" என்றார் அம்மா. "சாமிக்கு முந்தியோ?"

"அண்ணி சொன்னால் செய்யுங்கோ" என்றார் அப்பா.

எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பழத்தைக் கையில் தந்தார்கள். கடித்தேன். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது.

பெரியம்மா இருந்த வரைக்கும் ஒவ்வொரு வருடமும் உமல் வந்தது. எனக்குக் கல்யாணம் முடிந்து, பிள்ளைகள் பிறந்த பிறகும் வந்தது. ஒவ்வொரு வருடமும் எல்லாருக்கும் முன்னால் நின்று நான் முதல் கடி கடித்தேன். ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டுதான் கடித்தேன். ஏன் இந்த வழக்கம் என்று அம்மா சாகும் வரைக்கும் கேட்டார். நான் சொல்லவில்லை.